கதவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அன்று காலை கோயிலுக்குள் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், அப்பா, அப்பாவின் அக்காவான என் அத்தை, கோயில்பிள்ளை. கோயில்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் மாதா கோயிலின் சாவியை வைத்திருப்பவர், மணி அடிப்பவர், சாமியார் வராத ஞாயிறுகளில் செபமாலை சொல்லுபவர். சாமியார் வரவில்லை, அவருக்கு அன்று போர்டிக்சனில் ஒரு கல்யாணம், ரந்தாவில் ஒரு அடக்கம். தோட்டத்தை வாங்கிய கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்ன பெண்ணும் வரவில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடித்த வங்காளதேசத்துத் தம்பிக்கு அன்று செம்பனைக் குலை வெட்டு, அதனால் அவனும் இல்லை. அத்தையின் மூத்த மகள் இல்லை. அவள் பிறந்து ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள். அத்தை அவளுக்காகத்தான் வந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் தோட்டம் மலேசியாவில், சிரம்பான் பக்கத்து ரந்தாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருக்கிறது. கித்தா என்ற ரப்பர்ப் பால்மரங்கள் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, இப்போது செம்பனையும் போகப்போகிறது. கோயில் படியில் நின்று பார்த்தால் செண்டாயான் பக்கத்துப் புது வீடுகளின் கூரை தெரியும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் ஆட்கள் என்று ஆறு குடும்பம்தான் மிச்சம். மற்ற வீடுகளில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்து ஆட்களும் இருக்கிறார்கள். நிலம் கைமாறிவிட்டது, கோயிலை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கவேண்டும் என்று சாமியார் என்னிடம் கேட்டார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பாலிடெக்னிக்கில் நில அளவை படித்து, சிரம்பானில் ஒரு அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். பழைய கட்டடங்களின் உள்பக்கத்தை நுணுக்கமாகப் படமெடுப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு சுவரை ஒரே படமாக எடுக்காமல் எண்பது, தொண்ணூறு துண்டுகளாக எடுக்கவேண்டும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கவேண்டும். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரே பெரிய படம் கிடைக்கும். அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நேரில் நின்றபோது கண்ணுக்குப் படாததெல்லாம் தெரியும். எங்கள் கோயிலுக்கு முன்னால் வேறு இரண்டு தோட்டத்துக் கோயில்களை எடுத்திருந்தேன். ஒன்றில், சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் ஸ்தலத்துப் படச்சட்டத்தின் மேல் பல்லி முட்டை இரண்டு. இன்னொன்றில், பெஞ்சின் அடியில் யாரோ ஒரு பெண்பிள்ளை பேனாவால் எழுதிய வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு தப்பு.

அந்தப் பெருமையோடுதான் ஒரு வாரத்துக்கு முன்னால் கோயில்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், சனிக்கிழமை வர்றேன். உள்ள எல்லாத்தையும் எடுக்கப்போறேன். நம்ம கேமராவுல ஒரு தூசி விடாம தெரியும்."

"ஒரு தூசியுமா?"

"ஒரு தூசியும் தப்பாது அங்கிள்."

"சரி லா தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை காலை கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை முகத்தில் அடித்தது. நான்கு சுவரும் பால்வெள்ளை. மெழுகுவத்திப் புகையால் பீடத்துக்கு மேலே எப்போதும் இருந்த கறுப்பு நாக்கைக் காணோம். மாதா சுரூபத்துக்குப் புது நீலம். தரையை டெட்டால் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். காகிதப் பூக்களை எறிந்துவிட்டு ரந்தாவிலிருந்து பிளாஸ்டிக் ரோஜா வாங்கி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்குக்கூட அந்தக் கோயில் அப்படி இருந்ததில்லை.

என் முகத்தைப் பார்த்து கோயில்பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "ஏன் தம்பி, நல்லால்லையா? காசு சேத்து அடிச்சோம். வெளியூர்ல இருக்கிற நம்மாளுங்ககூட குடுத்தாங்க. கடைசிப் படம்ல? அழுக்காவா நிக்க முடியும்?"

"நல்லாருக்கு அங்கிள்" என்றேன். வேறு என்ன சொல்வது? எங்கள் வீடுகளில் படமெடுக்க ஆள் வருகிறார் என்றால் முதலில் குளிப்போம், பவுடர் போடுவோம், சுவரில் தொங்கும் சட்டைகளை எடுத்து உள்ளே போடுவோம். உள்ளது உள்ளபடி என்றால் என்னவென்று நான் படித்த இடத்தில் எனக்குச் சொன்னார்கள். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்பா மட்டும் சிரித்தார். "சாகப்போறவளுக்குக் கல்யாணச் சேலை கட்டி விட்ட மாதிரி இருக்கு அண்ணே."

"வாயக் கழுவுடா" என்றார் கோயில்பிள்ளை.

அத்தை எங்களோடு நிற்கவில்லை. உள்ளே வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, பீடத்துக்கு வலப்பக்கம் இருக்கும் சின்ன அறைக்கு நேராகப் போனாள். சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறை அது. ஒரு அலமாரிக்கும் ஒரு ஆளுக்கும்தான் இடம். நான் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முக்காலியை நிறுத்தி முடித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை.

"அக்கா, உள்ள என்னா பண்றே?" என்று அப்பா கேட்டார்.

நான் போய்க் கதவைக் கொஞ்சமாகத் தள்ளி எட்டிப்பார்த்தேன். அத்தை கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் முன்னால் குனிந்து நின்று, இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயாததால் விரல்களில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"இங்கதானய்யா இருந்துச்சு" என்றாள். "இங்கயுமா அடிச்சாங்க?"

பிறகுதான் சொன்னாள். அவள் பால்மரம் வெட்டிய காலத்தில் சாமியார் சிரம்பானிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். இடையில் பிள்ளை பிறந்து உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்தால் தோட்டத்து உபதேசியார்தான் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான். கொடுத்ததும் இந்த அறைக்கு வந்து, கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் தச்சன் பென்சிலால் ஒரு வரி எழுதுவார்: பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். நோட்டுப் புத்தகம் வைத்தால் கறையான் தின்றுவிடுகிறது என்று சுவரில் எழுதினாராம். சாமியார் வரும்போது பார்த்து எழுதிக்கொண்டு போவார். மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே வந்தார். அத்தையின் மகள் கடைசி வரி.

"வேற எங்கயும் இல்லையா அத்தை? பிறப்பு சூராட், பத்திரம் ஏதாவது?"

"அப்புறம் பதிஞ்சுக்கலாம்னு ஆபீஸ் கிராணி சொன்னாரு. அதுக்குள்ள போயிட்டா."

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும், அதைச் சொல்லும்போது அத்தை குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

அத்தை அன்று அவசரமாக வந்ததற்குக் காரணம் கம்பெனி அனுப்பியிருந்த கடிதம். மலாயில் இருந்த அதை அப்பா அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். தோட்டத்துக் கல்லறைகளை ரந்தாவுக்கு மாற்றித் தருவார்கள், செலவு அவர்களுடையது. ஆனால் கல்லறைக் கல் இருக்கவேண்டும், இல்லையென்றால் எழுத்தில் ஏதாவது பதிவு இருக்கவேண்டும். பிள்ளைகளைப் புதைத்த மூலையில் கல் ஏது? மரச்சிலுவை நட்டார்கள். கித்தா போய்ச் செம்பனை நட்டபோது டிராக்டர் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டது. சாமியார் சிரம்பானில் பழைய பதிவேட்டைத் தேடியபோது, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட அதில் ஏறியிருக்கவில்லை. மிச்சம் இருந்தது இந்தச் சுவர் ஒன்றுதான்.

கோயில்பிள்ளை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "நான் கடைக்குப் போயிட்டேன்மா, இன்னொரு டின்னு வாங்க. நாலு சுவரும் அடின்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். அவன் உள்ரூமையும் அடிச்சிட்டான். அவனுக்குத் தமிழா தெரியும்? கிறுக்கல்னு நெனச்சிருப்பான்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீதானே தம்பி சொன்னே, ஒரு தூசி விடாம தெரியும்னு."



அத்தை அவரைத் திட்டவில்லை. விரலில் ஒட்டியிருந்த வெள்ளையை முந்தானையில் துடைத்தாள். "நானும்தானே காசு குடுத்தேன்" என்றாள்.

அன்று நான்கு சுவர்களையும் எடுத்தேன். பீடம், சுரூபம், பதினான்கு ஸ்தலங்கள், பெஞ்சுகள், கூரைச் சட்டங்கள். வீட்டில் ஒட்டிப் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாம் கூர்மையாக வந்திருந்தது. பெயிண்டில் ஒட்டிக்கொண்ட பிரஷ் மயிர் தெரிந்தது. மாதாவின் பாதத்துக்குப் பக்கத்தில் நீலத்தில் சிக்கிச் செத்த ஒரு கொசு தெரிந்தது. இதைத்தான் பாதுகாத்து வைக்கப்போகிறேன்.

ஒரு வழி இருந்தது. சுவரின் மேல் நேராக விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். அதே வெளிச்சத்தை சுவரோடு சுவராக, பக்கவாட்டில் படுக்கவைத்தால் சின்ன மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும். உபதேசியார் பென்சிலை அழுத்தி எழுதுகிறவராக இருந்திருந்தால், சுண்ணாம்பில் பள்ளம் விழுந்திருக்கும். ஒரு பூச்சுப் பெயிண்ட் அதை முழுதாக நிரப்பியிருக்காது. கல்யாண வீடியோ எடுக்கும் கூட்டாளியிடம் இரண்டு விளக்கு இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

அலமாரியை வெளியே தள்ளிவிட்டு, சன்னலில் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினோம். மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதித்தது. கோயில்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். வழவழவென்று இருந்த சுவர் சட்டென்று ஆற்று மணலைப் போல மேடும் பள்ளமுமாக மாறியது. அதில் எழுத்து இருந்தது.

"மாதாவே" என்றார் கோயில்பிள்ளை.

விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லி ஒவ்வொரு கோணத்திலும் எடுத்தேன். அவர் பிடித்தபடியே ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இது நம்ம கங்காணி பேத்தி. இது எங்க சின்னம்மா புள்ள, இரட்டையில ஒண்ணு. இவங்க இப்ப ஈப்போவுல இருக்காங்க, போன் போடணும்." பதினேழு வரி வந்தது. அத்தை, வெளிச்சம் கீழே வர வர அதோடு குனிந்துகொண்டே வந்தாள்.

பதினேழாவது வரிக்குக் கீழே, அத்தையின் மகள் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் அது. பெயிண்ட் நிற்காது என்று அந்தத் தம்பி அந்த இடத்தைத் தகட்டால் சுரண்டி, பூசி, சமமாக்கியிருந்தான். வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். தகடு இழுத்த கோடு மட்டும் தெரிந்தது. விளக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் கோடுதான்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைய்யா" என்றாள் அத்தை.

வைத்தோம். மூன்று தடவை வைத்தோம்.

அன்று மாலை அப்பாவும் நானும் அத்தையை ரந்தாவில் அவள் வீட்டில் இறக்கிவிட்டோம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கம்பெனிக்குப் பதிவைக் கொடுக்கவேண்டிய கெடு அந்த மாதக் கடைசி.

"ஏய்யா, அந்தப் படத்த நீ கம்பியூட்டர்லதானே ஒட்டுறே?"

"ஆமா அத்தை."

"அதுல நீயே ஒரு வரி எழுத முடியாதா? நான் சொல்றது பொய் இல்லையே. அங்க இருந்துச்சு. நான் வருசா வருசம் கல்லறைத் திருநாளன்னிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தது."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது.

முடியாது என்று நான் உடனே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசைக்குப் போய்விட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்து செய்து பார்த்தேன். கஷ்டமே இல்லை. உபதேசியாரின் கையெழுத்து பதினேழு வரி என்னிடம் இருந்தது. அவர் 'ம' எப்படிப் போடுவார், 'ரி'யின் சுழி எங்கே முடியும், எல்லாம் இருந்தது. மூன்றாவது வரியிலிருந்து ஒரு எழுத்து, பதினொன்றாவதிலிருந்து இரண்டு, அத்தையின் பெயருக்கு வேண்டியது ஒன்பதாவதில் முழுதாகவே இருந்தது. நிழலின் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை சுவரில் இருந்தாள். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் மற்ற பதினேழையும் பார்த்தேன். இந்த ஒன்றை நான் செய்ய முடியுமென்றால் அவற்றையும் நானே செய்திருக்க முடியும் என்று கம்பெனி ஆள் ஒருவர் சொன்னால் போதும். பெயிண்ட் அடித்த சுவரை வந்து பார்க்கிறேன் என்று அவர் விளக்கோடு வந்தால் பதினேழு வரி இருக்கும், பதினெட்டாவது இருக்காது. ஈப்போவுக்குக் கோயில்பிள்ளை அதற்குள் போன் போட்டிருந்தார். அங்கே ஒரு கிழவர் போனிலேயே அழுதாராம்.

நான் ஒட்டிச் செய்த அந்தப் படத்தை அழித்தேன். அந்தப் பதினேழு பேருக்காகத்தான் அழித்தேன் என்று அத்தையிடம் சொன்னேன். அது முழு உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எடுத்ததிலேயே அந்தப் பதினேழு வரிச் சுவர்தான் நல்ல படம். அதில் கைவைக்க எனக்கு மனம் இல்லை என்பதும் அதில் சேர்த்திதான்.

அத்தை கேட்டுக்கொண்டாள். "உனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கால்ல போட்டுக்கச் சப்பாத்து நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வரவில்லை.

வண்டியில் அப்பா பேசினார். "ஒரு வரிடா."

"தெரியும்பா."

"பொய் சொல்லச் சொன்னா அது வேற. இருந்ததைத்தானே எழுதச் சொன்னா? நீ படிச்சதுக்கு ஒரு வரி எழுத வக்கில்ல."



கம்பெனி பதினேழையும் ஏற்றுக்கொண்டது. படத்தைப் பார்த்த கம்பெனிப் பெண் "வாஹ், தெளிவா இருக்கே" என்று மலாயில் பாராட்டினாள். பதினெட்டாவதைப் பற்றி அவளிடம் கேட்டேன். அத்தையை நேரில் அழைத்துப் போயும் கேட்டேன். எழுத்தில் இல்லாததற்குக் கம்பெனி பொறுப்பில்லை, குடும்பம் சொந்தச் செலவில் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை என்றாள். அத்தை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எடுப்போம்" என்றாள்.

இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றோரம் இருக்கும் எல்லைக் கல்லிலிருந்து பாறையைப் பார்த்துப் பதினொரு எட்டு. அவள் நடந்தாள், இப்போதைய எட்டு சின்னது என்று இரண்டு எட்டுக் கூட வைத்தாள். எல்லைக் கல்லையும் பாறையையும் வைத்து நான் நாடா பிடித்தேன். அந்த வேலையாவது எனக்குத் தெரிந்திருந்தது. சவப்பெட்டிக் கடைச் சீனர் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். காலை எட்டு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். நான் கேமராவைக் கொண்டு போயிருந்தேன். அத்தை அதைப் பார்த்தாள்.

"அதை வண்டியில வச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன்.

செம்பனை வேர்தான் வந்துகொண்டிருந்தது. இடுப்பளவு ஆழத்தில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஒன்பது நாள் பிள்ளை; அந்தச் செம்மண்ணில் இத்தனை வருடம். சீனர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஆன்ட்டி, இது போதும் லா" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அந்தக் கறுத்த மண்ணை மூன்று மண்வெட்டி அள்ளி, செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகைப் பெட்டியில் போட்டு மூடினார். பெயர் எழுத மார்க்கர் பேனாவை எடுத்தார்.

"அவருக்கு நம்ம எழுத்து தெரியாது" என்றாள் அத்தை. என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "நீ எழுது."

முழங்காலிட்டு எழுதினேன். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். உபதேசியார் எழுதிய வரிசையிலேயே. பலகை சொரசொரவென்று இருந்ததால் எழுத்து கோணிக்கொண்டு போனது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் எந்த வரி என்று அவளுக்கு உயரத்தை வைத்துத்தான் தெரியும். நான் எழுதியதன் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள். மை காயாததால் கடைசி எழுத்து கொஞ்சம் இழுபட்டது.

"படி" என்றாள்.

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ரந்தாவில் சாமியார் மந்திரித்துப் புதைத்தார். மற்ற பதினேழு பெட்டிகளும் அதற்கு மேல் வரிசையில், ஒரே மாதிரிச் சிமெண்டுப் பலகையோடு இருக்கின்றன. எங்களுடையது ஒரு வரிசை கீழே, தனியாக. கோயில் இப்போது இல்லை. அதன் படங்கள் சாமியாரிடம் ஒரு பிரதியும் என்னிடம் ஒரு பிரதியுமாக இருக்கின்றன. நான் அவற்றைத் திறப்பதில்லை. அத்தை என்னோடு பேசுகிறாள், சாப்பிட்டியா என்று கேட்கிறாள். ஐயா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

தோண்ட அறுநூறு, பெட்டிக்கு நூற்று இருபது, புது இடத்துக்கு நானூற்று ஐம்பது. பெயிண்டுக்கென்று அத்தை கோயில்பிள்ளையிடம் கொடுத்த ஐம்பதையும் சேர்த்தால் ஆயிரத்து இருநூற்று இருபது ரிங்கிட்.